மெயில் பார்ப்பவருக்கு சர்வர் சாவி எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல் வரிசையான க்யூ முழுக்க விளம்பர அஞ்சல்கள். சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாகைப் புரட்டினால், ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லை யாரோ ஊகித்துப் பிடித்திருந்தார்கள். அது மட்டும் என்றால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு லினக்ஸ் யூசர், அதாவது சர்வருக்குள்ளேயே லாகின் செய்யக்கூடிய கணக்கு. அஞ்சல் படிக்கிற அதே கடவுச்சொல்லை வைத்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியில் சர்வருக்குள்ளேயே நுழைந்திருந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று.

லினக்ஸ் யூசர் இல்லாமல் அஞ்சலுக்கு மட்டுமே உள்ள விர்ச்சுவல் கணக்குகளை நான் வற்புறுத்துவது இதனால்தான். அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியிலிருந்து படிக்கத் தரும் டவ்காட் இரண்டும் இருந்தால் போதும். விமெயில் என்று ஒரே ஒரு யூசர், பெரும்பாலும் 5000 என்ற யூசர் எண்ணில், லாகின் செய்யவே முடியாதபடி. எல்லாப் பெட்டிகளும் அவர் பெயரில் இருக்கும். முகவரிகளும் ஹாஷ் செய்த (திரும்ப மீட்க முடியாதபடி உருமாற்றிய) கடவுச்சொற்களும் ஒரு கோப்பிலோ டேட்டாபேஸிலோ இருக்கும். கடவுச்சொல் கசிந்தாலும் அந்த ஒரு பெட்டியோடு போகும். இன்னொரு வசதி, இரண்டு டொமைன்களில் ‘இன்ஃபோ’ என்ற முகவரி இருந்தாலும் இரண்டும் தனித்தனிப் பெட்டிகள். லினக்ஸ் யூசராக ஒரு ‘இன்ஃபோ’தானே இருக்க முடியும்?

அமைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம், டொமைன் பெயரை மைடெஸ்டினேஷன் என்ற உள்ளூர் டொமைன் பட்டியலிலும் விர்ச்சுவல் பட்டியலிலும் சேர்த்தே எழுதிவிடுவது. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த டொமைனை உள்ளூர் என்று எடுத்துக்கொண்டு லினக்ஸ் யூசரைத் தேடும். கிடைக்காது. பெட்டி சரியாக இருக்க, அனுப்பியவருக்கு ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் போகும். லாகில் எச்சரிக்கை வரத்தான் செய்யும், அதை யாராவது படித்தால்.

அடுத்தது கேட்ச்-ஆல், அதாவது இல்லாத முகவரிகளுக்கு வருவதையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்ப்பது. தவறான முகவரிக்கு வருவதும் வீணாகக் கூடாது என்று நல்லெண்ணத்தில், ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்பும் ஏலியாஸ் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். ஏலியாஸ் பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸ் பெட்டிகளுக்கு முன்பே பார்த்துவிடும். அதனால் உண்மையான பெட்டிகளுக்கு வருகிற அஞ்சலையும் அந்த ஒரு வரி அள்ளிக்கொண்டு போகும். தவிர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு முகவரியையும் அதற்கே ஏலியாஸாகவும் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் கேட்ச்-ஆலே வேண்டாம். குப்பை அஞ்சல்காரர்கள் ஊகித்து அனுப்புகிற பெயர்கள் எல்லாம் உள்ளே வந்து சேரும். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் முகவரிகளை மட்டும் மறக்காமல் வையுங்கள். உங்கள் சர்வரிலிருந்து தொல்லை வந்தால் வெளியாட்கள் எழுதுவது அங்கேதான்.

லாகின் செய்த ஊழியர் மேலாளர் பெயரில் அஞ்சல் அனுப்ப முடிகிறதா என்றும் பாருங்கள். எந்த லாகினுக்கு எந்த முகவரி என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் சொல்லிவைத்து, பொருந்தாததை மறுக்கச் சொல்லாவிட்டால் முடியும். இதை நான் பார்த்த சர்வர்களில் பாதிக்கு மேல் விட்டுவிட்டிருந்தார்கள்.

சரி, எல்லாம் முடிந்ததா? வெளியிலிருந்து, இல்லாத ஒரு முகவரிக்கு அஞ்சல் அனுப்பிப் பார்ப்பேன். வாசலிலேயே 550 என்ற பிழை எண் சொல்லி மறுக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பினால், பொய் முகவரி போட்டவனுக்குப் பதிலாக யாரோ அப்பாவிக்கு அது போய்ச் சேரும், நம் ஐபியும் கறுப்புப் பட்டியலில் ஏறும். அந்த 550 வந்த பிறகுதான் கணக்குகளை ஊழியர்களிடம் ஒப்படைப்பேன்.