டிக்கெட் போடும் முன் கப்பல் பட்டியலைப் பாருங்கள்

போன மாதமும் ஒரு குடும்பம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பூர்வீக ஊரைத் தேடி வந்திருந்தது. கையில் இருந்த தகவல் ஒன்றே ஒன்று: "கொள்ளுத்தாத்தா மெட்ராஸிலிருந்து வந்தார்." அதை நம்பித் திருவல்லிக்கேணியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வெயிலில் அலைந்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு ஏஜெண்ட் கணிசமாகப் பணம் வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயிலைக் காட்டி, இதுதான் உங்கள் குலதெய்வம் என்று சொல்லிவிட்டார். வயதான அம்மா அங்கே பொங்கல் வைத்துவிட்டு வந்துதான் என்னைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தா போன கப்பலின் ஆள் பட்டியலைத் தேடி எடுத்தால், ஊர் போளூர் தாலுகாவில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

மெட்ராஸ் என்பது கப்பல் ஏறிய துறைமுகம். சொந்த ஊர் அல்ல. எத்தனை தடவை சொன்னாலும் இது யார் காதிலும் ஏறுவதில்லை. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் இங்கிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் மெட்ராஸில் ஏறியவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தஞ்சாவூர், மலபார், விசாகப்பட்டினம் என்று எங்கெங்கிருந்தோ ஆள்பிடிப்பவர்கள் கூட்டிவந்தவர்களை டிப்போ என்ற முகாமில் வைத்து, டாக்டர் பார்த்து, கப்பல் ஏற்றினார்கள். தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லாரும் அதே கப்பலில்தான். கல்கத்தாவில் ஏறிய பீகார்க்காரர் கல்கத்தாக்காரர் ஆகிவிடுவாரா? அதே கணக்குதான் இதுவும்.

இன்னொன்று, உங்கள் பாட்டன் பெயர் உள்ள வருகைப் பட்டியல் கப்பல் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் இருக்கும். நேட்டால் என்றால் டர்பன் ஆவணக் காப்பகம். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம். அங்கே பலருடைய புகைப்படமே கிடைக்கும். ஃபிஜி என்றால் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசு உத்தரவுகளும் கடிதப் போக்குவரத்தும் மலைபோல் இருக்கின்றன. ஆனால் தேடலை அங்கே தொடங்காதீர்கள்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள். நேட்டால் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண் உண்டு. அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கிடக்கும் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் விடாதீர்கள். மனைவி, பிள்ளை, அண்ணன் தம்பி அடுத்தடுத்து இருப்பது சகஜம்.

கோவிந்தர், நாயுடு, பிள்ளை என்று குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதை விடுங்கள். பட்டியலில் முனியன், தகப்பன் சின்னப்பன் என்று மட்டும்தான் இருக்கும். பேரப்பிள்ளைகள் பின்னாளில் அந்த முனியனையே குடும்பப் பெயராக்கியிருப்பார்கள். வயதும் குத்துமதிப்புதான்.

வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூருக்குக் கார் பிடிக்காதீர்கள். 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஊர் இன்றைய ஆந்திராவில் இருக்கலாம். கிராமத்தின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அப்புறம் தாலுகாவோடு சேர்த்துத் தேடுங்கள்.

தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி மூலம் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இப்படி ஒரு பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே தோட்டத்துப் பதிவுகளும் வீட்டுக் காகிதங்களும்தான் வழி.

தயவுசெய்து, பட்டியலின் நகலைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எண், ஜில்லா, தாலுகா, கிராமம் நான்கும் கையில் வந்த பிறகு பயணத் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.