ரோபோ வாங்கினால் பேச்சு வந்துவிடுமா?

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று என்னிடம் வரும் பெற்றோரில், நகையை அடகு வைத்துப் பேசும் ரோபோ வாங்கிவிட்டு, “இனிப் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடும் அல்லவா?” என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அண்மையில் வந்த தம்பதியர், அது வீட்டுக்கு வந்த கையோடு மகனின் பேச்சுப் பயிற்சியையே நிறுத்தியிருந்தார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எந்த ரோபோவும் பேச்சைக் கொண்டுவந்து கொடுக்காது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்தில் உருவான காஸ்பர், 58 செ.மீ. உயரமுள்ள நாவோ ஆகிய மனித உருவ ரோபோக்களின் காணொளிகளைப் பார்த்தால், குழந்தையும் ரோபோவும் தாமாகவே உரையாடுவதுபோலத் தோன்றும். உண்மையில், பல ஆய்வுகளில் மறைவாக அமர்ந்திருக்கும் ஒருவர்தான், குழந்தையின் பார்வை போகும் திசையைக் கவனித்து, ரோபோ எப்போது பேச வேண்டும், எப்போது கையசைக்க வேண்டும் என்று இயக்குகிறார். “பந்தை எடு” என்று ரோபோ சொல்லலாம். எடுத்த பந்தைக் குழந்தை பக்கத்திலிருக்கும் ஆசிரியரிடம் நீட்டுவதுதான் பாடம். ரோபோவின் முகம் எளிமையானது, குரல் மாறாதது, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காதது என்பதால் குழந்தை கவனிக்கிறது. அந்தக் கவனத்தைச் சிறிது சிறிதாக மனிதர் பக்கம் திருப்ப ஆளில்லாவிட்டால், ரோபோவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் பாட்டியைத் திரும்பியும் பார்க்காத பிள்ளைதான் மிஞ்சும். (இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம், அதுவும் சிறு குழுக்களாக நடந்தவை. அறிவுசார் குறைபாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.)

நம் எல்லைப்புறப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கேட்டு வளர்கிறார்கள். இரண்டு மொழியால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால், வீட்டில் ஒருவரும் திருப்பிப் பேசாத ஆங்கிலத்தில் ரோபோ சொல்லிக்கொடுக்கும் சொல்லைப் பிள்ளை யாரிடம் பயன்படுத்தும்?

அமெரிக்காவில் விற்கப்பட்ட மாக்ஸி ரோபோவைத் தயாரித்த நிறுவனம் 2024 டிசம்பரில் மூடப்படுவதாக அறிவித்தபோது, இணையத்தை நம்பி இயங்கிய அந்த ரோபோ பேசாமல் போய்விடும் என்பதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று பெற்றோர் தவித்தார்கள். தவணை கட்டுமுன் இதையும் யோசியுங்கள்.

முதலில் செவித்திறன் பரிசோதனையை முடியுங்கள். வலிப்பு உள்ள பிள்ளையாக இருந்தால், மின்னும் விளக்குகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால் உடனே அணைத்துவிடுங்கள். “பழகிவிடும்” என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கேமரா எதைப் பதிவு செய்கிறது, அது எங்கே போகிறது என்பதை விசாரியுங்கள். பெரியவர் ஒருவர் உடன் உட்காராமல் ஒரு நிமிடமும் அதை இயக்க வேண்டாம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்து நடத்தும் பட்ஸ் பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால், அங்குள்ள ஆசிரியரிடம் கலந்து பேசாமல் எதையும் தொடங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களைத் திட்டுவது என் நோக்கமன்று. நிறுத்திய பேச்சுப் பயிற்சியை இந்த வாரமே மீண்டும் தொடங்குங்கள். வரும்போது ரோபோவையும் எடுத்து வாருங்கள், எந்த ஒரு செயலுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.