அவலாஞ்ச் – பனிச்சரிவு

ஊட்டிப் பக்கம் போனவர்களுக்கு அவலாஞ்சி தெரிந்திருக்கும். ஏரியும் சோலைக்காடும் உள்ள இடம். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதும் அங்கேதான். பனிமலை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலை பெரிதாகச் சரிந்ததால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது.

பொருந்தாத பெயராகத் தோன்றினாலும் வேரைப் பார்த்தால் பிழையில்லை. பனிச்சரிவைக் குறிக்கும் 'அவலாஞ்ச்' என்ற சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆல்ப்ஸ் மலைவாசிகளின் பேச்சில் அது 'லவான்ஷ்'. கீழே இறங்குவதைக் குறித்த 'அவாலே' என்ற பிரெஞ்சு வினையின் சாயல் ஏறி 'அவலான்ஷ்' ஆயிற்று. அந்த வினைக்கு இன்று 'விழுங்கு' என்று பொருள்; படித்தபோது மனம் நடுங்கியது. ஜெர்மன் மொழியின் 'லவீனெ' வழுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்தது. இந்த வேர்களில் பனியே இல்லை.

தமிழில் இதற்குச் சரியான சொல் பனிச்சரிவு. நிலச்சரிவு, மண்சரிவு என்ற வரிசையில் இயல்பாக வந்து உட்காருகிறது. புல்நுனி நீர், மார்கழி மூட்டம், இமயத்தின் வெண்படலம் எல்லாமே நமக்குப் பனிதான். 'சரிவு' சேர்ந்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பனிச்சறுக்கு வேறு, அது விளையாட்டு.

செய்திகளில் அடிக்கடி வரும் 'பனிப்பாறை சரிவு' என்பதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். எங்கோ உச்சியிலிருந்து பாறை உருண்டு வருவதாக அது நினைக்க வைக்கிறது. உண்மையில் மலையேறுவோரைக் கொல்வது பெரும்பாலும் அவர்கள் மிதித்து நிற்கும் பனியே. பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் ஓர் அடுக்கு சர்க்கரை போல ஒட்டாமல் கிடக்க, அதன்மேல் புதுப்பனியோ காற்று கொண்டுவந்து குவித்த பனியோ இறுகியிருக்கும். ஓர் ஆள் கால்வைத்தால் போதும், மேலடுக்கு பலகை போல வெட்டுண்டு மொத்தமாக நழுவும். உயிர்ப்பலி வாங்கும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது சிக்கியவரோ உடன் வந்தவரோதான்.

'சரிவு' என்பதற்குச் சாய்ந்த நிலம் என்ற பொருளும் உண்டு. மலையில் முதலில் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களிலேயே பெரும்பாலும் பனி சரிகிறது. கைப்பேசியிலேயே சாய்வை அளந்துவிடலாம். சாய்வு குறைந்த இடத்தில் நடந்தாலும் மேலே செங்குத்தான பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கடும்பனி பெய்து ஓய்ந்த முதல் ஓரிரு நாள் அங்கே போகவே வேண்டாம். காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் ஓசை கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள்.

புதைந்தவரை முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அதன்பின் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. வெளியிலிருந்து மீட்புப்படை அதற்குள் வந்துசேர்வது அரிது. அதனால் உடலில் கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, பனி அள்ளும் மண்வாரி ஆகிய மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.