மார்ச்சிலும் ஒரு தேர்தல் இருக்கிறது

டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டனை ஒட்டிய பசடீனாவில் வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லத்தீனோ குடும்பத்தினர், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்த வேலை, கூரை வேலை, பள்ளிக்கூடத் துப்புரவு, வீட்டிலேயே தமாலே என்ற சோள மாவுப் பண்டம் செய்து விற்பது என்று பலவிதம். ஜனவரிக் கடைசியில் முதலாளி கொடுக்கும் டபிள்யூ-2 சம்பளத் தாளோடு வர ஆரம்பிப்பார்கள். கணக்கு முடிந்து பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரிடமும் ஒன்று கேட்பேன்: "மார்ச்சில் ஓட்டுப் போடப் போகிறீர்களா?" கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலைத்தான் கேட்கிறேன்.

கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகத்தில், பயிற்சி எடுத்து, தன்னார்வ வாக்காளர் பதிவாளராகவும் இருக்கிறேன். யாருக்குப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. படிவத்தை வாங்கி, ரசீது கொடுத்து, 5 நாளுக்குள் கவுண்டியில் சேர்ப்பது என் பொறுப்பு.

2024 பிப்ரவரியில் ஒரு அம்மா வந்திருந்தார். பள்ளிக்கூடங்களை இரவில் சுத்தம் செய்யும் வேலை, வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். குடியுரிமை வாங்கி நாலு வருடம். பர்ஸைத் திறந்து, வாக்காளர் அட்டையை மடிப்புக் குலையாமல் எடுத்துக் காட்டினார். நவம்பர் பொதுத் தேர்தலில் தவறாமல் போடுகிறவர். மார்ச் என்றதும் தலையை ஆட்டினார். "அது கட்சிக்காரர்களுக்கு, சென்யோரா. நான் எந்தக் கட்சியிலும் இல்லையே."

இந்தப் பதிலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரிலும் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமைதான் அறிவிக்கும். நாம் பட்டியலைப் பேப்பரில் பார்ப்போம், அவ்வளவுதான். இங்கே வந்த புதிதில் பிரைமரி என்றால் கட்சி உறுப்பினர்கள் கூடிப் பேசும் கூட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதுவும் அரசு சட்டப்படி நடக்கும் தேர்தல். ஒவ்வொரு கட்சியும் நவம்பரில் யாரை நிறுத்த வேண்டும் என்பதை வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள்.

சரி, கட்சியில் சேர்ந்தால்தானே போட முடியும்? நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் அப்படித்தான். பதிவு செய்யும்போதே கட்சியைக் குறித்திருக்க வேண்டும். டெக்சஸில் அது கிடையாது. நான் ஒரு காலிப் படிவத்தை எடுத்து அந்த அம்மா முன்னால் வைத்தேன். பெயர், முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண், குடிமகனா என்ற கேள்வி. கட்சி எது என்று கேட்கும் கட்டமே இல்லை. வாக்குச்சாவடிக்குப் போய், இந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். அவர் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி அடுத்த கேள்வியைக் கேட்டார். கணவருக்கு இங்கே தங்குவதற்கான குடியேற்றக் காகிதம் இல்லை. ஓட்டுப் போட்டால் அவரைத் தேடி யாராவது வந்துவிடுவார்களா? இந்தப் பயம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவம் உங்களைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எங்கும் கேட்கவில்லை என்பதைக் காட்டினேன். எந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டீர்கள் என்பது பொதுப் பதிவில் இருக்கும், யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கூடவே ஓர் எச்சரிக்கை: குடியுரிமை வாங்காமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தப் படிவத்தில் கையெழுத்தே போடக் கூடாது. தெரியாமல் போட்டாலும் நாடுகடத்தல் வரை போகலாம்.

மார்ச் ஓட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், டெக்சஸின் பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. அங்கே பிரைமரியில் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். 2024 மார்ச்சில் இரண்டு கட்சிக்கும் சேர்த்து, பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 61 சதவீதம். கோட்டைத் தொகுதிகளில் அந்தச் சிறு கூட்டம் எடுத்த முடிவுக்குத்தான் மற்றவர்கள் எட்டு மாதம் கழித்து வரிசையில் நின்றார்கள்.

லரேடோ நகரத்தை உள்ளடக்கிய, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான 28ஆவது தொகுதியில் லத்தீனோக்கள்தான் பெரும்பான்மை. 2022 மார்ச்சில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் யாருக்கும் 50 சதவீதம் கிடைக்கவில்லை. அதனால் முதல் இரண்டு பேருக்கும் மறுபடி ஓட்டெடுப்பு; அந்த மே மாத மறுசுற்றில் ஹென்றி குவெயாரும் ஜெசிக்கா சிஸ்னெரோஸும் மோதினார்கள். 45,000 ஓட்டுகளை மறுபடி எண்ணி முடித்தபோது குவெயார் ஜெயித்தது 289 ஓட்டில். ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் அது. நவம்பரில் அவர் சுலபமாக ஜெயித்தார். எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு கட்சிக்கும் இது பொருந்தும். எல்லையோர ஸ்டார் கவுண்டி 1892க்குப் பிறகு முதல்முறையாக 2024இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. இனி அங்கே அந்தக் கட்சியின் மார்ச் ஓட்டுக்கும் மதிப்பு கூடத்தான் செய்யும்.

பிரைமரியின் மதிப்பு இந்த மாநிலத்தில் யாருக்குத் தெரியுமோ இல்லையோ, ஆட்சியில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜனநாயகக் கட்சி மட்டுமே ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில், 1923இல் டெக்சஸ் சட்டமன்றம் அந்தக் கட்சியின் பிரைமரியில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போடத் தடை விதித்தது. நவம்பரில் அவர்கள் போடட்டும், எப்படியும் ஒன்றும் மாறாது என்ற கணக்கு. வெவ்வேறு வடிவில் தொடர்ந்த அந்தத் தடையை, ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில் 1944இல்தான் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. ஏழை மெக்சிகன் அமெரிக்கர்களை நிறுத்தி வைக்க இன்னொரு வழி இருந்தது: ஓட்டு வரி. ஒன்றரை டாலர், ஒன்றே முக்கால் டாலர். ஜனவரி 31க்குள் கட்டி ரசீது வாங்கினால்தான் அந்த வருடம் ஓட்டு. 1902இல் வந்த இந்த வரி மாநிலத் தேர்தல்களில் 1966 வரை நீடித்தது. பருத்தி பொறுக்கும் குடும்பத்தில் கையில் காசே இல்லாத மாதம் ஜனவரி. வரிக் கணக்கிலேயே வாழ்கிற எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும்.

மெக்சிகன் அமெரிக்கரான வில்லி வெலாஸ்கெஸ் 1974இல் சான் அன்டோனியோவில் வாக்காளர் பதிவு இயக்கம் தொடங்கி, தெருத்தெருவாக ஆட்களை அனுப்பினார். "சு வோட்டோ எஸ் சு வோஸ்", உங்கள் ஓட்டுதான் உங்கள் குரல் என்பது அவர் பரப்பிய முழக்கம். என் வாடிக்கையாளர்களில் வயதானவர்கள் பலருக்கு அது இன்னும் மனப்பாடம்.

இப்போது தேவைப்படுவது சின்னச் சின்னத் தகவல்கள்தான். தேர்தலுக்கு 30 நாள் முன்னால் பதிவு முடிந்துவிடும். வாக்குச்சாவடிக்குள் செல்போனைப் பயன்படுத்தக் கூடாது, ஆனால் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். எங்கள் ஹாரிஸ் கவுண்டியில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய நீதிபதிகள் பட்டியலே நீளம் என்பதால் இந்தத் தாள் ரொம்ப உதவும். வாக்குச்சீட்டு ஸ்பானிஷிலும் உண்டு. தேர்தல் நாளன்று வேலைக்கு வெளியே தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம் கிடைக்காவிட்டால், சம்பளம் பிடிக்காமல் முதலாளி அனுப்பியாக வேண்டும். மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டவர் மறுசுற்றிலும் அதே கட்சியில்தான் போட முடியும். மார்ச்சில் போடவே இல்லையா? மே மாத மறுசுற்றுக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். இந்தக் கடைசி விஷயம் பலருக்கும் தெரியாது.

அந்த அம்மா முன்கூட்டி வாக்களிக்கும் வாரத்தில், இரவு வேலை முடிந்து தூங்காமலே போய் ஓட்டுப் போட்டிருக்கிறார். பதினெட்டு ஆகாத பிள்ளைகள் கூட வரலாம் என்று சொல்லியிருந்தேன். பதினாறு வயது மகளையும் கூட்டிப்போயிருந்தார். மகள்தான் தாளில் பெயர்களை எழுதினாளாம். பின்னால் தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களை என்னிடம் அனுப்பினார். இருவருக்கும் மார்ச் முடிந்திருந்தது, மே மாதம் மீதி இருந்தது.

2026 ஜனவரியில் தாயும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். 17 வயது 10 மாதம் ஆனால் பதிவு செய்யலாம். மகளுக்கு 17 வயது 11 மாதம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் பதினெட்டு முடிந்துவிடும், மார்ச் 3க்கு அவளும் ஓட்டுப் போடலாம். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, கட்சியை எங்கே எழுத வேண்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக் காட்ட ஆரம்பித்தார்.