பன்னிரண்டு மாதச் சீட்டு, ஆறரை மாதக் கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்கில் நூறு வாங்கிய பிள்ளையிடம், "நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டின்னா வருஷத்துக்கு எத்தனை சதவீதம்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று "ரெண்டு" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். பாடப் புத்தகத்தில் வட்டி ஆண்டுக்கு. மஞ்சக்குப்பத்திலும் முத்தியால்பேட்டையிலும் வாய்ப்பேச்சில் வட்டி மாதத்துக்கு. விடை 24.

இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல உதாரணம், நம் திருச்சபையிலேயே ஓடும் கிறிஸ்மஸ் சீட்டு. மாதம் 500 வீதம் 12 மாதம் கட்டினால் 6,000. சீட்டு நடத்துகிறவர்கள் டிசம்பரில் 7,000 ரூபாய்க்குத் துணியும் மளிகையும் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாயிரத்துக்கு ஆயிரம், அதாவது சுமார் 17 சதவீதம் என்று பிள்ளை கணக்குப் போடும். தப்பு அங்கேதான். ஆறாயிரமும் ஜனவரியிலேயே போய்விடவில்லை. முதல் தவணை அவர்கள் கையில் 12 மாதம் இருந்தது, இரண்டாவது 11 மாதம், கடைசித் தவணை ஒரே மாதம். எல்லாம் கூட்டினால் 78. பன்னிரண்டால் வகுத்தால் ஆறரை. ஆக, 6,000 ரூபாய் சராசரியாக ஆறரை மாதம்தான் அவர்களிடம் இருந்திருக்கிறது. ஆறரை மாதத்துக்கு ஆயிரம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 31 சதவீதம்.

அதே தவணையை வங்கியில் 6 சதவீத ஆர்.டி.யில் (மாதத் தவணை வைப்பு) போட்டால் வட்டி 200 ரூபாயைத் தொடாது. அப்படியானால் இவர்கள் எந்தத் தொழிலில் போட்டு 31 சதவீதம் எடுக்கிறார்கள்? புது ஆள் கட்டுகிற பணத்தில் பழைய ஆளுக்குக் கொடுக்கிறார்கள் என்றால், ஆள் சேருவது நின்ற வருஷம் சீட்டும் நின்றுவிடும். அனுமதியில்லாமல் ஊராரிடம் வைப்பு வாங்குவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

"சீட்டு நடத்துறது நம்ம சபை அக்காதானே, எப்படிக் கேக்கிறது?" என்பதுதான் வீட்டில் வரும் தடை. காணிக்கைப் பணத்தை எருசலேமுக்கு அனுப்பும்போது பவுல் யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி கூட ஆட்களை அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). பவுலே அவ்வளவு பார்த்தார். கணக்குக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

கடனுக்கும் இதே ஆறரைதான். 12,000 ரூபாய்க்கு 'ஃபிளாட்' 12 சதவீதம், 12 தவணை: வட்டி 1,440, மாதம் 1,120. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ முழு அசலுக்கும் போகிறது. 12ஐப் பன்னிரண்டால் பெருக்கி ஆறரையால் வகுத்தால் 22. கால்குலேட்டரில் துல்லியமாகப் போட்டால் 21.5. கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழியை (22:7) மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, இந்தப் பன்னிரண்டு தவணையையும் வரிவரியாகத் தாளில் எழுத வைப்பது நெஞ்சில் தங்கும்.

காணிக்கைக் கணக்கில் வேறு சிக்கல். ஞாயிறு காலை அப்பா கையில் திணிக்கும் இருபது ரூபாய் அப்பாவின் காணிக்கை, பிள்ளையுடையது அல்ல. மாதம் 1,000 ரூபாய் கைச்செலவுக்குக் கொடுத்து, வாங்கிய அன்றே 100 தனிக் கவரில் போகட்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதில் பத்தில் ஒன்று என்றால் மிஞ்சவே மிஞ்சாது. கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். 31 சதவீதச் சீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார்.

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த விளைபொருளைச் சபையில் விடும் ஏலமும் நல்ல பாடம். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் 40 ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணியை 400க்கு எடுத்தால், நோட்டில் காய்கறிக்கு 40, காணிக்கைக்கு 360 என்று இரண்டு வரியாக எழுத வேண்டும். ஒரே வரியில் 400 என்று எழுதினால் அந்த மாதக் காய்கறிச் செலவு பொய்யாகிவிடும்.

பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 500 ரூபாய் போதும். பணம் எடுக்கும் வித்டிராயல் சீட்டைப் பிள்ளையே நிரப்பட்டும். எண்ணில் ஒன்று, எழுத்தில் வேறொன்று என்று எழுதினால் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் உள்ளே புகுந்து திருத்த வேண்டாம். இன்னொரு சீட்டு வாங்கி அதுவே எழுதட்டும்.