கூறை எப்படிக் கூரை ஆனது?

சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். புடவை எடுக்கப் போன அன்று மதியம் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அத்தை ஒரு படம் போட்டார். அரக்கு நிறப் பட்டு, அகலமான சரிகைக் கரை. படத்துக்குக் கீழே ஒரு வரி: "கூரை புடவை எடுத்தாச்சு, எல்லாரும் பாருங்க."

கூறை என்றால் முகூர்த்தத்துக்கு மணப்பெண் உடுத்தும் புடவை. கூரை என்றால் வீட்டுக்கு மேலே இருப்பது. அத்தைக்கு இது தெரியாமல் இல்லை. அவர் இன்லண்ட் லெட்டரில் எழுதிய கடிதங்கள் இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றில் ஓர் இடத்தில்கூட ர, ற மாறியிருக்காது. சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டேன்.

"நான் சரியாத்தான் அடிச்சேன், அதுவா இப்படி வந்துச்சு" என்றார்.

"என்ன அடிச்சீங்க அத்தை?"

"கே, ரெண்டு ஓ, ஆர், ஏ, ஐ."

அவர் சொன்னது முழு உண்மை. ஆங்கில எழுத்தில் அதைவிடச் சரியாக அடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே ர-வும் ற-வும் ஒரே ஆர்தான். அப்படியானால் எது சரி என்று முடிவு செய்தது யார்? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. போனில் தமிழ் எழுதுகிற எல்லாருடைய எழுத்திலும் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றம் இதற்குள் இருக்கிறது.

போனுக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பொது ஏற்பாட்டின் பெயர் யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் 247 எழுத்துக்கும் அங்கே தனித்தனி எண் கிடையாது. உயிர் எழுத்துக்கு எண் உண்டு, க, ச, ட என்ற அகரம் ஏறிய மெய்க்கு உண்டு, கொம்பு, கால், புள்ளி போன்ற குறிகளுக்கு உண்டு. மற்றதையெல்லாம் இவற்றைச் சேர்த்து உருவாக்கிக்கொள்ள வேண்டும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து எண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி.

கூறை என்ற சொல் போனுக்குள் 2965, 3010, 2993, 3016 என்று இருக்கும். கூரை 2965, 3010, 2992, 3016. மூன்றாவது எண்ணில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். கல்யாணப் புடவைக்கும் வீட்டுக் கூரைக்கும் நடுவே இருப்பது அந்த ஒன்றுதான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'கொ' என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு போடுகிறோம், பிறகு க, கடைசியில் கால். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் அதே வரிசைதான். தாளில் இடமிருந்து வலமாக என்ன தெரிய வேண்டுமோ அதை அப்படியே விரல் அடித்தது. யூனிகோடில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைப்பது எழுத்துருவும் அதை இயக்கும் நிரலும் செய்கிற வேலை. ஆக, கை எழுதுகிற வரிசை போய் வாய் சொல்கிற வரிசை வந்துவிட்டது. வாய்க்குப் பின்னால் எழுத்து போகத் தொடங்கியது இங்கிருந்துதான் என்பது என் எண்ணம்.

சரி, அத்தையின் போனுக்கு வருவோம். அவர் ஆறு ஆங்கில எழுத்துகளை அடித்ததும் உள்ளே நடப்பது ஒரு ஊகம். அந்த ஆறு எழுத்தும் எந்தெந்தத் தமிழ்ச் சொல்லாக இருக்கக்கூடும் என்று நிரல் ஒரு பட்டியல் போடும். இரண்டு ஓ சேர்ந்தால் ஊகாரமாக இருக்கலாம், ஓகாரமாகவும் இருக்கலாம். ஆர் இடையினமாகவோ வல்லினமாகவோ இருக்கலாம். அப்படிப் பார்த்தால் கூரை வரும், கூறை வரும், பாய் முடைகிற கோரையும் வரும். கோறை என்றும் ஒன்று வரும். ஆனால் அதைப் பெரும்பாலும் யாரும் எழுதாததால் பின்னுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பவற்றில் எதை முதலில் காட்டுவது? மூன்று கணக்குகள் உண்டு. ஜனங்கள் இந்த ஆங்கில எழுத்தை வழக்கமாக எந்தத் தமிழ் எழுத்துக்காக அடிக்கிறார்கள் என்பது ஒன்று. அந்தச் சொல் இதுவரை எழுதப்பட்ட தமிழில் எவ்வளவு அடிக்கடி வந்திருக்கிறது என்பது இன்னொன்று. இதற்கு முன்னால் என்ன சொல் வந்தது என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து அதிக மதிப்பெண் வாங்கிய சொல் முதலில் நிற்கும். இடைவெளி விசையைத் தட்டினால் அதுவே வரிக்குள் போய்விடும்.

கூரை, செய்தியிலும் பேச்சிலும் தினமும் புழங்கும் சொல். கூறை, கல்யாண வீட்டில் மட்டும் வரும் சொல். கணக்குப்படி கூரைதான் ஜெயிக்கும். 'புடவை' என்ற சொல் கூட இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஆனால் அது அடுத்த சொல். அத்தை அதை இன்னும் அடிக்கவே இல்லை. போன் முடிவெடுத்த நேரத்தில் அதற்குத் தெரிந்தது பின்னால் கிடந்ததுதான். முன்னால் வரப்போவது அத்தையின் மனதில் மட்டும் இருந்தது.

தமிழைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் ஒற்றை, அதாவது புள்ளி வைத்த மெய்யை, எடுத்துக்கொள்ளுங்கள். 'வீட்டுக்குப் போனேன்' என்று எழுதுகிறோம். அந்த ப் 'வீட்டுக்கு' என்ற சொல்லோடு ஒட்டி நிற்கிறது, ஆனால் அது அங்கே வரக் காரணம் அடுத்து வரும் 'போனேன்'. 'வீட்டுக்கு வந்தேன்' என்றால் ஒற்று கிடையாது. 'வீட்டுக்குச் சென்றேன்' என்றால் வேறு ஒற்று. பேனா பிடித்து எழுதும்போது மனம் ஒரு சொல் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். கை அந்த ஒற்றைத் தானாகப் போட்டுவிட்டு நகரும். போனில் 'வீட்டுக்கு' என்று பட்டியலில் தெரிந்ததும் தொடுகிறோம். சொல் விழுகிறது, பல விசைப்பலகைகளில் கூடவே ஒரு இடைவெளியும் விழுகிறது. அப்புறம் 'போனேன்'. நடுவில் ப் போட வேண்டுமென்றால் திரும்பிப் போய், இடைவெளியை அழித்து, ஒரு மெய்யெழுத்தைச் சேர்க்க வேண்டும். யார் செய்வார்கள்? இணையத்தில் ஒற்று இல்லாத தமிழ் பெருகியதற்கு இலக்கணம் தெரியாததுதான் காரணம் என்று ஆசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். தெரிந்தவர்களும் விட்டுவிடுகிறார்கள், அதை நான் என் விரலிலேயே பார்க்கிறேன்.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் பழக்கம் எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? பட்டன் போன் காலத்தை நினைத்துப் பாருங்கள். பல போன்களில் தமிழே தெரியாது, கட்டம் கட்டமாகத் தெரியும். தெரிந்த போனிலும் ஒரு சிக்கல்: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்துகள் போகும், தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் 70 தான். அந்த எழுபதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ஒரு மெசேஜுக்கு இவ்வளவு காசு என்று இருந்த நாளில் ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று கட்டைவிரல் கற்றுக்கொண்டதை, போனில் தமிழ் நன்றாகத் தெரியும் இந்தக் காலத்திலும் அது விடவில்லை.

இதே அனுபவம் நம்மைவிடப் பெரிய அளவில் சீனாவில் நடந்திருக்கிறது. அங்கே பலரும் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரே ஒலியுள்ள பல சித்திர எழுத்துகளிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படித்தவர்கள்கூடப் பேனாவை எடுத்தால் சாதாரணச் சொல்லின் வடிவம் நினைவுக்கு வராமல் நின்றுபோகிறார்கள். அதற்கு அவர்களிடம் ஒரு பெயரே உண்டு, திபி வாங்ஸி: பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது. பார்த்தால் அடையாளம் தெரியும்; தானாக எழுத வராது. பார்த்து அறிவதும் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் மூளைக்கு ஒரே வேலை அல்ல.

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆட்ரி வான் டெர் மேரும் அவருடைய சகாவும் 36 மாணவர்களின் தலையில் மின் உணரிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். முடிவுகள் 2024-இல் வெளியாயின. டிஜிட்டல் பேனாவால் கையெழுத்தாக எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கியது தெரிந்தது. விசையைத் தட்டும்போது அந்த அளவு இல்லை. அது வேறு எழுத்து, தட்டியதும் ஒற்றை விரலால். ஆனாலும் எனக்கு இது அத்தையைத்தான் நினைவுபடுத்துகிறது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் அச்சகத்திலிருந்து வந்த தாளை அவரிடம் கொடுத்திருந்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒரு ர-வை அடித்து மேலே ற போட்டார். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது. அந்தக் கைக்குத் தெரிந்தது அவருடைய போன் விரலுக்குத் தெரியவில்லை.

பல ஊர்களின் பேச்சில் ர-வுக்கும் ற-வுக்கும் இடையே வேறுபாடு மங்கிவிட்டது. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றேதான். காது கைவிட்ட வேறுபாட்டை இத்தனை நாள் காப்பாற்றி வந்தது கைதான். இம்போசிஷன் எழுதி எழுதிப் பழகிய கை. இப்போது அந்தப் பொறுப்பு பட்டியலைப் பார்க்கும் கண்ணுக்குப் போயிருக்கிறது. கண் அவசரத்தில் இருக்கும்போது முதலில் நிற்கும் சொல்லே போய்ச் சேர்கிறது. எனக்குக் கவலை தருவது இதற்கு அடுத்த படி. இந்த நிரல்கள் கற்பது நாம் எழுதியதிலிருந்து. 'கூரை புடவை' என்று போதுமான பேர் எழுதிவிட்டால் நாளை 'புடவை' என்ற சொல் கூட இருந்தாலும் கணக்கு கூரைப் பக்கமே சாயும்.

குரலில் சொல்லி எழுத வைப்பதும் இப்போது நன்றாக வேலை செய்கிறது, கண் மங்கியவர்களுக்கு அது பெரிய வரம். அங்கே அடிப்படையே ஒலி என்பதால் ர, ற ஊகம் அப்படியே தொடரும்.

ஊகமே இல்லாமல் எழுத ஒரு வழி 1999 முதல் நம் கையில் இருக்கிறது. அந்த ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ர-வுக்கு ஒரு விசை, ற-வுக்கு வேறு விசை. கூறை என்று அடிக்க க, ஊ, ற, ஐ என்று நான்கு தட்டு போதும். ஆங்கில வழியில் ஆறு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி போடும் விதம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும்: அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. ங-வுக்குப் பின் க தட்டினால் ங்க, ன-வுக்குப் பின் ற தட்டினால் ன்ற. தமிழில் எந்த மெய்க்குப் பின் எது வரும் என்ற விதியைத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது. இங்கேயும் இயந்திரம் உதவுகிறது, ஆனால் ர-வா ற-வா என்ற முடிவை நம்மிடமே விடுகிறது.

கல்யாணம் முடிந்து அத்தை ஊருக்குக் கிளம்பும் முன் அவர் போனில் தமிழ் 99-ஐ வைத்து, பரிந்துரைப் பட்டியலை நிறுத்திவிட்டேன். முதல் நாள் ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆனது. "ழ-வை எங்கடா ஒளிச்சு வச்சிருக்காங்க?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழுவில் ஒரு வரி வந்து கிடந்தது: "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்." ப், ச் இரண்டும் அதனதன் இடத்தில். நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இன்னும் குரலில்தான் அனுப்புகிறார்.