"பையனை வெச்சுக்கலாமா, விட்டுடலாமா டாக்டர்?"

குன்னூரில் என் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று கதவைத் தட்டிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஊர் ஃபுட்பால் டீமின் செயலாளர், இன்னொருவர் கோச். மூன்றாமவர் காய்கறி மண்டிக்காரர். டீமுக்கு ஜெர்சியும் ஜீப் வாடகையும் அவர் செலவு. உட்காரும் முன்பே செயலாளர் கேட்டுவிட்டார்: "பையனை வெச்சுக்கலாமா, விட்டுடலாமா டாக்டர்?" நான் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பையன் என்பது அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு. வயது 23. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முட்டியை மாற்றவில்லை.

"மூணு வருஷமா கப்பு வந்ததே இவனாலதான்" என்றார் மண்டிக்காரர். "போன நாலு மேட்ச்ல ஒரு கோல் இல்ல. பந்து வந்தாலே ஒதுங்கறான். இவனுக்கு ஆகற காசுக்கு கூடலூர்லருந்து ரெண்டு பசங்களை இறக்கலாம்" என்றார் கோச். செயலாளர் இருவருக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: "அடுத்த மாசம் ஃபைனல். அது வரைக்கும் ஒரு ஊசியப் போட்டு ஆட வெச்சுட்டு, அப்புறம் பேசிக்கலாமா?"

அரை மணி நேரம் இந்தப் பேச்சு நடந்தது. பையனை யாரும் கூட்டி வரவில்லை என்பது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ஷிஃப்ட் முடித்து அவனே வந்தான். ஐந்து மாதம் முன்பு ஹெட் அடிக்கக் குதித்து, இறங்கும்போது கால் திரும்பியிருக்கிறது. எதிர் டீம்காரன் யாரும் தொடவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி வீங்கிவிட்டது. அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் அப்படி வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். இவனுக்கு மூன்று வாரம் எண்ணெய்க் கட்டு போட்டார்கள். வீக்கம் வற்றியது. நேராக ஓட முடிந்தது. கடையில் ஒரு முட்டி உறை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி ஆடப் போய்விட்டான்.

"ஏறும்போது ஒண்ணும் தெரியலண்ணா. எஸ்டேட் படி இறங்கும்போதுதான் முட்டி கழண்டு போற மாதிரி இருக்கு."

மலையில் வேலை பார்ப்பதில் எனக்கு இருக்கும் ஒரு வசதி இது. சமவெளியில் இருப்பவர் முட்டி இப்படி வழுக்குவதைக் கவனிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம். இங்கே வீட்டு வாசலைத் தாண்டினாலே இறக்கம். 'மலைக்காரப் பசங்களுக்குக் கால் இரும்பு' என்று கோச்சுகள் பெருமையாகச் சொல்வார்கள். ஏறி இறங்கித் தொடை வலுவாவது உண்மைதான். ஆனால் அந்த 'டப்' பெரும்பாலும் மோதலில் வருவதில்லை. குதித்து இறங்குவதிலும், ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புவதிலும் வருகிறது.

முட்டியை 30 டிகிரி மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்பக்கம் இழுத்துப் பார்ப்போம். நல்ல முட்டியில் ஓர் இடத்தில் கயிறு பிடித்த மாதிரி நிற்கும். இவனுக்கு நிற்கவில்லை. டேப் வைத்து அளந்தால் அந்தத் தொடை மற்றதைவிட 3 செ.மீ. சிறுத்திருந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஏ.சி.எல். முழுசாக அறுந்திருந்தது, மெனிஸ்கஸின் ஓரமும் கிழிந்திருந்தது. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர், 'ஜவ்வு'. அதனால்தான் "ஜவ்வுதானே, தானா சேர்ந்துக்கும்" என்ற பேச்சு வருகிறது. ஏ.சி.எல். முட்டிக்கு உள்ளே குறுக்காக ஓடி, கீழ்க்கால் முன்னால் நழுவாமல் பிடிக்கும் நார். முழுசாக அறுந்துவிட்டால் கட்டுப் போட்டு அதைச் சேர்க்க முடியாது. மெனிஸ்கஸ் இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தை. நார் இல்லாத முட்டி ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் இந்த மெத்தை நசுங்குகிறது. மெத்தை போனவனுக்கு நாற்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்துவிடலாம்.

இப்போது செயலாளர் கேட்ட ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். வலியை அமுக்கினால் முட்டி சரியாகிவிடாது, எச்சரிக்கை மணி மட்டும் நின்றுபோகும். வைத்துக்கொள்வதையும் ஒப்புக்கொள்வேன், விடுவதையும் ஒப்புக்கொள்வேன். 'இந்த ஒரு மேட்ச் மட்டும்' என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

பெரிய கிளப்புகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. பிரேசிலின் ரொனால்டோவுக்கு இண்டர் மிலானில் ஆடும்போது, 1999 நவம்பரில் முட்டித் தசைநாண் கிழிந்தது. இது வேறு நார், ஆனால் கதை ஒன்றுதான். 2000 ஏப்ரலில் இத்தாலியக் கோப்பை இறுதிப் போட்டியில் இறக்கினார்கள். ஏழு நிமிடம் ஆடியிருப்பார், அது முழுசாக அறுந்தது. பிறகு நீண்ட காலம் காத்திருந்து வந்தவர், 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்தார்.

இன்னொருவர் சுவீடனின் இப்ராகிமோவிச். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஒரே சீசனில் 28 கோல் அடித்தவருக்கு 2017 ஏப்ரலில் முட்டி போனது. கிளப் கோடையில் விடுவித்தது, ஆகஸ்டில் மறுபடி ஒப்பந்தம் போட்டது, நவம்பரில் களமிறக்கியது. ஏழே மாதம். திரும்பி வந்து அங்கே அடித்தது ஒரே ஒரு கோல். 2018 மார்ச்சில் அவரை அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அமெரிக்காவில் எல்.ஏ. கேலக்ஸிக்கு முதல் ஆட்டம் ஆடி இரண்டு கோல் போட்டார். அதே முட்டிதான். வைத்துக்கொண்டது தப்பா, விட்டது தப்பா என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். என் கண்ணுக்குத் தெரிவது நாள்காட்டி மட்டும்தான்.

ஏ.சி.எல். அறுவை சிகிச்சையில் தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ கொஞ்சம் நார் எடுத்து வைக்கிறார்கள். அது உள்ளே பிடித்து வலுவாக மாதங்கள் ஆகும். அதற்கு ரொம்ப முன்பே வலி போய்விடும், ஆபத்தே அங்கேதான். 2016-இல் வந்த ஒரு நார்வே ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. தொடை வலுவிலும் ஒற்றைக்காலில் தாண்டும் தூரத்திலும் அடிபட்ட கால், நல்ல காலில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும்.

மூவரையும் மறுபடி வரச்சொன்னேன், இந்தத் தடவை பையனோடு. அவன் ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவன், அந்த முட்டிதான் அவன் வீட்டுச் சோறு என்று சொன்னேன். அதுவரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மண்டிக்காரர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஆபரேஷனுக்கு ஒரு பங்கு தருவதாகச் சொன்னார். கோச் கூடலூர்ப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார், அது நியாயம்தான். அந்த ஃபைனலில் தோற்றார்கள்.

கோச்சிடம் இன்னொன்றும் சொன்னேன். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி இருக்கும்போதே பசங்களை இறக்கிவிடுகிறீர்கள். 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று 20 நிமிட வார்ம்-அப் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குதித்து இறங்குவது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் அதில் உண்டு. ஒழுங்காகச் செய்த டீம்களில் காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. "அந்நேரத்துக்கு டீ குடிச்சுட்டு வர்றதே பெருசு" என்றார். விடவில்லை, இப்போது வாரம் இரண்டு நாள் செய்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து பையனுக்கு இது எட்டாவது மாதம். படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. போன வாரம் தாண்டச் சொல்லி அளந்தேன், 84 சதவீதம். அன்று ராத்திரியே செயலாளர் போன் செய்தார். எண்ணைச் சொன்னேன்.

"ரவுண்டா 90-ன்னு போட்டுக்கலாமே டாக்டர். ஞாயித்துக்கிழமை செமி ஃபைனல்."